சாவியை எடுத்தும் நிற்காத வண்டி

மாமனார் வீட்டில் தனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று காட்டிக்கொள்ளும் மாப்பிள்ளையைவிட ஆபத்தானவன் கிடையாது. நான் அந்த ரகம். ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வரிசையில் வரும் கார்களுக்குப் பின்கதவு மாட்டுவேன். இன்ஜின் முன்பக்கம் இருப்பதால் அதோடு எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் ‘ஆட்டோமொபைல் இன்ஜினியர்’ என்று போட்டிருந்தது. (அச்சடித்தவரைத் திட்டாதீர்கள், நான்தான் போடச் சொன்னேன்.)

மாமனாருக்கு உத்திரமேரூர். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர், ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டர்போ டீசல் கார் வாங்கினார். பக்கத்து சீட்டில் என் அத்தை, அதாவது அவர் மனைவி கமலா, “ஆரன் அடிங்க, ஆடு வருது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வருவார். “வண்டிய ஓட்டனது அவதான் மாப்ள. நான் சும்மா ஸ்டீரிங்க புட்ச்சிக்கினு இருந்தேன்” என்பார் மாமா.

ஒருநாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த அத்தை எழுந்திருக்கவே இல்லை. அந்த மழைக்காலத்திலேயே தெருத்தண்ணீர் காருக்குள் புகுந்து, இன்ஜினின் மூளையான இசியூ கருகியது. புதுசு இப்போது வருவதில்லை, காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஓடாத காரை மாமா தினமும் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் வருஷப் படையல் நெருங்கியபோது என்னிடம் வந்தார். “அவ பொறந்த ஊர்லதான் படைக்கணும் மாப்ள. தாமலுக்கு இந்த வண்டிலயே போனா நல்லாருக்கும்.”

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். “நான் பாத்துக்கறேன் மாமா” என்றேன்.

என் மனைவி செல்வி மட்டும், “இன்னாங்க, நம்ம வூட்டு ஃபேனைக் கயட்டி கட்டிலுக்கு அடில வெச்சிக்கீறீங்க. அதயே இன்னும் மாட்டல” என்றாள். மேதைகளை வீட்டில் யாரும் மதிப்பதில்லை.

என் திட்டம் எளிமையானது. ஒரே இன்ஜினை இரண்டு மூன்று கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்பதுண்டு. விபத்தில் நொறுங்கிய வேறு கம்பெனி கார் ஒன்றிலிருந்து இசியூவை வாங்கி வந்தேன். அதன் சாக்கெட் நம் காரில் பொருந்தவில்லை. வயர்களை வெட்டி, போனில் வீடியோ பார்த்து, நிறத்துக்கு நிறம் முறுக்கி டேப் சுற்றினேன். இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே நிறத்தை ஒரே வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எப்படியோ வண்டி கிளம்பிவிட்டது. கொஞ்சம் உறுமியது, கரும்புகை விட்டது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

படையல் அன்று மாமா ஓட்டினார். பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. நானும் செல்வியும் வடைத் தூக்கோடு பின்னால் ஒடுங்கினோம். ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஏறியதும் கார் தானாகவே விரைய ஆரம்பித்தது.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் காற்றாடி. எவ்வளவு திணிப்பது என்று இசியூதான் சொல்ல வேண்டும். நான் மாட்டியதோ வேறு வகை டர்போவுக்குச் செய்த இசியூ. காற்றாடி கண்டபடி சுற்றி, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் உடைந்து, ஆயில் இன்ஜினுக்குள் போய்விட்டது. டீசல் இன்ஜினுக்கு ஆயில் கிடைத்தாலும் போதும், அதையே குடித்துக்கொண்டு ஓடும்.

மாமா எப்படியோ பிரேக் பிடித்து ஓரம் கட்டினார். இன்ஜின் மட்டும் அலறியது. வெள்ளைப் புகையில் ஏரியே காணாமல் போனது. முதலில் இறங்கி ஓடியவன் இன்ஜினியர்தான். வயல் சேற்றில் விழுந்தபின்தான் மனைவி ஞாபகம் வந்தது. அவள் தூக்கோடு பத்திரமாகக் கரையில் நின்றிருந்தாள்.

பைக்கில் வந்த ஒருவர் நின்று, “இன்னா சார், கொசு மருந்து அடிக்கிறீங்களா?” என்றார்.

மாமா சாவியை உருவிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். “மாப்ள, சாவி இங்க கீது. வண்டி ஓடிக்கினு கீதே?”

“அது... ஆட்டோமேட்டிக் மாமா.”

அலறல் இன்னும் ஏறியது. திடீரென்று மாமா புகைக்குள் ஓடினார். “நைனா, வாணா நைனா!” என்று செல்வி கத்தினாள். இருமிக்கொண்டே திரும்பி வந்தவர் கையில் ஒரு சின்னத் தலையணை. முதுகுவலிக்காக அத்தை சீட்டில் வைத்துக்கொள்வது.

உள்ளே ஏதோ உடையும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

மாமா பானெட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தார். “ஆறனதும் ஸ்டார்ட் ஆய்டும் இல்ல மாப்ள?”

“தெரியல மாமா” என்றேன். அந்த வீட்டாரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. உண்மையில் எனக்குத் தெரிந்திருந்தது.

பஸ் மாறித் தாமல் போனோம். மாமா வழிநெடுக தலையணையை மடியில் வைத்திருந்தார். இலை போட்டு, அத்தை படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றியதும் படத்தைப் பார்த்துச் சொன்னார்: “கமலா, நம்ம வண்டிய மாப்ள ரிப்பேர் பண்ட்டாரு. இனிமே அது ரிப்பேரே ஆவாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. சாவு வீட்டில்கூட அழாத மனிதர், அன்று படையல் சோறு ஆறிப்போகும் வரை அழுதார். சேறு காய்ந்த பேண்ட்டோடு நான் சுவரோரம் நின்றேன்.

கார் காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனால் எங்கள் வீட்டில் நிற்காத எதற்கும் ‘மாப்ள வண்டி’ என்றுதான் பெயர். ஒழுகும் குழாய் மாப்ள வண்டி. போனை வைக்காத சித்தி மாப்ள வண்டி. சாப்பிட்டு முடித்து மாமா அத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செல்வி சொல்வாள்: “நைனா, மாப்ள வண்டி கிளம்பிட்ச்சா?”

“சாவிய எட்த்துட்டேம்மா. நிக்க மாட்டேங்குதே” என்பார் அவர்.

எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பார்.