பதினோரு ஆண்டில் ஐந்து நாள்

"வேலை செய்யாதவங்களை வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாமே. நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று திங்கட்கிழமை காலை மனைவி கேட்டபோது மாடி வீட்டுக்காரர் ஒரு காலைத்தான் ஷூவுக்குள் நுழைத்திருந்தார்.

"என்னை எதுக்குடி கேக்கிற? நான்தான் தினமும் போறேனே!"

"போறீங்க. போய்?"

அவர் இன்னொரு காலையும் ஷூவுக்குள் நுழைத்தார். வாட்டர் ஹீட்டர் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவர் உத்தியோகம். பதினோரு வருஷமாக அவர் மேஜைக்கு வரும் கடிதமெல்லாம் 'தங்கள் கனிவான கவனத்துக்கு' என்ற குறிப்போடு பக்கத்து மேஜை அம்மாவுக்குப் போய்விடும். அந்த அம்மா முகம் சுளிக்காமல் எழுதுவார். இவரும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுறாங்களாம். பகல்லயும் உங்களை வீட்ல வச்சு மேய்க்க என்னால ஆகாது, எங்கம்மாவாலயும் ஆகாது."

உள்ளேயிருந்து மாமியார் இருமினார். அந்த ஒரு இருமல் போதுமானதாக இருந்தது.

"கடுதாசியெல்லாம் இப்படிக் குடுங்கம்மா," என்றார் இவர், ஆபீசில் நுழைந்ததும்.

பக்கத்து மேஜை அம்மா பதறிப்போனார். "ஏன் சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அன்றைக்கே நாற்பது பதில்கள். எழுதிய வேகத்தில் உறைகள் மாறிவிட்டன. ஹீட்டர் ஒழுகிக் கூரை பெயர்ந்து விழுந்தவருக்கு 'தங்கள் பாராட்டு எங்களை நெகிழ வைத்தது' என்று போயிற்று. பாராட்டி எழுதிய ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு 'தவறு முழுக்கத் தங்களுடையதே' என்று போயிற்று.

புதன்கிழமை போன் அடித்தது.

"யோவ், என் வீட்டுக் கூரை விழுந்ததுல உனக்கு என்னய்யா நெகிழ்ச்சி?"

"சார், சார், கோவிச்சுக்காதீங்க. புது ஹீட்டரே அனுப்பிடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

கூரைக்காரர் தெரு முழுக்க மூச்சு விட்டார். வியாழக்கிழமை காலை வரவேற்பறையில் அந்த வாத்தியாரோடு சேர்த்துப் பதினேழு பேர் பழைய ஹீட்டரும் கையுமாக நின்றார்கள். அவர்களை எப்படியாவது வெளியே அனுப்பினால் போதும் என்று, இவர் முதலாளியின் சொந்த செல்போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினார். பதினேழு பேரும் அடித்தார்கள். வாத்தியார் இரண்டு தடவை அடித்தார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். இரண்டே பெயர்கள். முதலில் இவர், அடுத்தது பக்கத்து மேஜை அம்மா.

"நீங்க எப்படிம்மா இதுல?"

"யாருக்குத் தெரியும்?" அந்த அம்மா தன் காப்பிக் கோப்பையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷமா ரெண்டு ஆள் வேலை பாத்தேன். அனுப்பறப்போ ஒரே ஆளா அனுப்பறாங்க."

மாமியாரின் இருமல் காதில் ஒலிக்க, இவர் நேரே நிர்வாகப் பிரிவுக்குப் போய் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"இது அநியாயம்! என் வாழ்நாள்லயே நான் உழைச்சது இந்த அஞ்சு நாள்தாம்மா!"

பட்டியலை டைப் அடித்த பெண் பரிதாபமாக நிமிர்ந்தாள்.

"எங்களுக்கும் அதான் சார் வருத்தம். யார் எழுதின பதிலுக்கு எத்தனை புகார் வந்துச்சுன்னு எண்ணித்தான் பட்டியல் போட்டோம். பதினோரு வருஷத்துல ஒரு புகார்கூட வராத ஒரே ஆள் நீங்கதான்னு, திங்கக்கிழமையே உங்களை இந்தப் பிரிவுக்குத் தலைவராப் போட்டு ஆர்டர் அடிச்சு வச்சிருந்தேன்."