சம்பந்தியின் வயிறு

ஐந்தாவது நாளாக வாவு முகம்மது கொல்லைப்புறக் கக்கூஸிலிருந்து போன முகத்தோடேயே திரும்பி வந்தார். கிணற்றடியில் காத்திருந்த மனைவி சபியாவுக்கு அந்த முகமே போதுமானதாக இருந்தது.

"இன்னைக்கும் இல்லையா?"

"இன்னைக்கும் இல்லை."

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுலேருந்து வாராக. ஞாபகம் இருக்கா?"

மறக்கிற விஷயமா அது! அவர்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடிப்பது சஹனில்தான். அந்தப் பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, இரண்டு வீட்டு ஆண்களும் சுற்றி உட்கார்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகக் கை கழுவ வேண்டும். பாதியில் ஒருவர் எழுந்துவிட்டால் அவருக்கு மனசு ஒப்பவில்லை என்று பொருள். போன வருஷம் மகள் ஹமீதா பானுவுக்கு வந்த நல்ல இடம், வாவு முகம்மதுவின் தம்பி பல்வலி தாங்காமல் பாதிச் சோற்றில் எழுந்ததால் முறிந்தது. பல்லைப் பிடுங்கியாயிற்று. போன இடம் போனதுதான். அன்று சாயங்காலம் அந்தப் பெண் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் அத்தனை பாத்திரத்தையும் தானே கழுவி வைத்ததை நினைத்தால், பெற்றவருக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

இப்போது வயிறு அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கவளத்துக்குக்கூட உள்ளே இடமில்லை.

இதில் வயிற்றைக் குறை சொல்லி என்ன பயன்? கீழக்கரையில் அவருடைய கயிற்றுக் கடை நன்றாக ஓட ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் மில்லில் தீட்டிய வெள்ளை அரிசிதான். காலையில் இடியாப்பம், மத்தியானம் கறிச்சோறு, நடுவில் இரண்டு துண்டு தொதல் அல்வா. கீரை ஆட்டுக்காகப் படைக்கப்பட்டது என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம்.

அந்தத் திங்கட்கிழமையே கம்பவுண்டர் ராமசுப்பிரமணியத்திடம் போனார். கம்பவுண்டர் கைராசிக்காரர், நல்லவர். குரல் மட்டும் கடல் தாண்டிக் கேட்கும்.

"என்ன மரைக்காயரே, உடம்புக்கு என்ன?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லை. வேற ஒருத்தவுகளுக்கு. அஞ்சு நாளா... வெளிய போகலையாம்."

"யாருக்கு? சீட்டுல பேரு எழுதணும்ல?"

ஒரு மாதமாக அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெயர்தான். அதுதான் வாயில் வந்து விழுந்தது.

"பாம்பன் மஹ்மூது. எனக்குச் சம்பந்தியாகப் போறவுக."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன செய்வது? கம்பவுண்டர் எழுதியே விட்டார்.

"வயித்துக்குச் சக்கை வேணும் மரைக்காயரே. வெள்ளைச் சோத்துலயும் கறியிலயும் அது ஏது? தினம் ஒரு கை முருங்கைக்கீரை, கொஞ்சம் கேப்பைக்களி, ஒரு கொய்யாப்பழம். மொத நாள் கொஞ்சமா ஆரம்பிச்சு மெல்லக் கூட்டணும். கூடவே நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. பத்து நாள்ல சரியாயிரும்."

பத்து நாளா! வெள்ளிக்கு நாலு நாள்தானே இருக்கிறது? கடைக்குப் போகும் வழியெல்லாம் அவர் யோசித்தார். ஒரு கைக் கீரை பத்து நாளில் குணமாக்கும் என்றால், பத்துக் கைக் கீரை ஒரே நாளில் குணமாக்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை கீரைக்காரி ராக்குவின் கூடை முழுவதும் இறங்கியது.

"வீட்டுல எத்தனை ஆடு மொதலாளி?" என்று அவள் கேட்டதும் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒரு சட்டிக் கீரை, நாலு உருண்டை களி, ஆறு கொய்யா. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளினார்.

தண்ணீர் மட்டும் ஒரு டம்ளர். அந்த ஊர்க் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் வண்டியில் வந்தால்தான் உண்டு. பிறந்ததிலிருந்து அளந்து குடித்துப் பழகிய தொண்டை அது. போதாததற்கு, வெள்ளிக்கிழமை விருந்துக்கென்று நிரப்பிய குடங்களுக்குச் சபியா காவல் நின்றாள்.

"அதுல கைய வைக்காதீக. வாரவுகளுக்குக் காணாது."

சாயங்காலத்துக்குள் வயிறு தம்பட்டம்போல் உப்பிவிட்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

"சக்கை பத்தலை போல" என்று முடிவு கட்டினார். புதன்கிழமை நாட்டு மருந்துக் கடையில் மலமிளக்கும் இசப்கோல் உமி வாங்கி, ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று கரண்டி போட்டு, அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கினார். அது உள்ளே போய்ப் பசையாகி, இருந்ததையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அன்று முழுக்க நின்றபடியேதான் வியாபாரம்.

வியாழக்கிழமை மறுபடியும் கம்பவுண்டர். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து இடம் விட்டார்கள்.

"சம்பந்திக்கு எப்படி இருக்கு? பாவம்!"

"தேவலை, தேவலை" என்றார் வாவு முகம்மது. வேறு என்ன சொல்வது?

திங்கட்கிழமையும் அதே பெஞ்சில் இருந்த கருவாட்டு வியாபாரி தங்கசாமி பக்கத்தில் வந்தான். "மரைக்காயரே, செவ்வாய்க்கிழமை சரக்கெடுக்கப் பாம்பன் போயிருந்தேன். சம்பந்தியப் பாத்து விசாரிச்சுட்டேன்."

வாவு முகம்மது அவனை ஓரமாக இழுத்தார். "என்னன்னு?"

"வயித்தப் பத்தித்தான். நீங்க இங்கன வந்து வருத்தப்பட்டதச் சொன்னேன். கம்பவுண்டர் சொன்ன கீரை, களி, தண்ணி, ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன்."

"அதுக்கு அவுக என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலை. ரொம்ப நேரம் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாக."

போச்சு! இல்லாத நோயை ஊரறியச் சொன்ன வீட்டில் யார் சம்பந்தம் செய்வான்?

"தண்ணி எவ்வளவு குடிக்கிறாரு உங்க சம்பந்தி?" என்று உள்ளேயிருந்து முழங்கினார் கம்பவுண்டர்.

"ரெண்டு டம்ளர்."

"ஒரு வேளைக்கா?"

"ஒரு நாளைக்கு."

"அவரு மனுசனா, ஒட்டகமா? சக்கைய மட்டும் போட்டுத் தண்ணி விடலைன்னா உள்ள கெட்டியாத்தான் போகும். போயி மொதல்ல தண்ணியக் குடிக்கச் சொல்லுங்க!"

வீட்டுக்கு வந்தவர் சபியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் விருந்துக் குடத்தின் மூடியை எடுத்தாள்.

"குடிங்க. நாளைக்கு அவுக வந்தாகன்னா, என்ன ஆனாலும் நீங்களா எந்திரிக்கக் கூடாது. எம்மகளுக்கு இன்னொருக்க இது தாங்காது."

குடித்தார். வெள்ளிக்கிழமை காலையிலும் குடித்தார். வயிறு அசையவில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மஹ்மூதும், அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் அவர் தம்பி பாக்கரும் வந்தே விட்டார்கள். ஸலாம் சொன்னதோடு சரி. மஹ்மூதின் முகம் இறுகியிருந்தது. நெற்றியில் வியர்வை. கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

நெய்ச்சோறும் கறியுமாகச் சஹன் வந்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்தார் வாவு முகம்மது. அப்போதுதான், ஒன்பது நாளாக அசையாமல் கிடந்த வயிறு உருண்டு புரண்டு புறப்பட்டது.

யா அல்லாஹ், இப்பவா!

பல்லைக் கடித்தார். காலை மாற்றிப் போட்டார். நல்ல கறித்துண்டாக எடுத்துச் சம்பந்தி பக்கம் நகர்த்தினார். சம்பந்தி அதைத் திரும்ப இவர் பக்கமே தள்ளினார். கதவுத் திரைக்குப் பின்னால் ஹமீதா பானுவின் வளையல் சத்தம் கேட்டது. உயிரே போனாலும் எழுந்திருப்பதில்லை என்று தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மஹ்மூது எழுந்துவிட்டார்.

கவளம் கையிலேயே இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவிடுவென்று நடந்தார். திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. முடிந்தது என்று வாவு முகம்மது கண்ணை மூடிக்கொண்டார். என் பிள்ளைக்கு நானே குழி பறித்துவிட்டேனே!

ஆனால் காலடிச் சத்தம் வாசல் பக்கம் போகவில்லை. கொல்லைப்பக்கம் போயிற்று. வீட்டில் இருந்த ஒரே கக்கூஸின் கதவு படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் விழுந்தது.

வியர்த்து வழிய நெளிந்துகொண்டிருந்த வாவு முகம்மதுவின் கையைப் பாக்கர் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீக மச்சான், காக்காவுக்கு ஆயுசுல ஒரு நாளும் வயித்துக் கோளாறு வந்ததில்லை. 'சம்பந்தி வாயால சொல்லிட்டாக, அவுகளைப் பொய்யராக்கக் கூடாது'ன்னு மூணு நாளா கீரையும் களியுமாத் தின்னு, குடங்குடமாத் தண்ணி குடிச்சாக!"