நாலு வரி விண்ணப்பமும் மூல நிரல்காரரும்

மூல நிரல்காரர் என்றொரு இனம் உண்டு. ஒரே சொடுக்கில் ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளை அவர் தொடமாட்டார். அதன் மூல நிரலை இறக்கி, தன் கணினியில் தானே கம்பைல் செய்து, அதாவது இயங்கும் மென்பொருளாக மாற்றி, அடியிலிருந்து கட்டி எழுப்பினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நம்பவில்லையா? என் அக்காள் கணவரைப் பாருங்கள். தொழில், பல் மருத்துவம்.

போன சனிக்கிழமை காலை அக்கா அவரிடம் நாலு வரி விண்ணப்பம் ஒன்றைத் தட்டச்சு செய்து தரச் சொன்னாள். தலைமையாசிரியை பதவிக்கு. பதினைந்து வருடக் காத்திருப்பு. மாலை ஐந்து மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"அஞ்சு நிமிஷ வேலை" என்றார் அத்தான். "இதுல இருக்கற, தட்டச்சு பண்ற எடிட்டர்தான் சரியில்ல. புதுசா ஒண்ணு கட்டிடறேன்."

கட்டத் தொடங்கினார். எடிட்டர் ஒரு நிரல் தொகுப்பைக் கேட்டது, அந்தத் தொகுப்பு இன்னொன்றைக் கேட்டது, அது கம்பைலர் பழசு என்று முகம் சுளித்தது, புதுக் கம்பைலரோ இயங்குதளத்தையே மாற்றினால்தான் உள்ளே வருவேன் என்றது. அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து என்பதால் வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை. மிக்ஸிக்கும் தடை. பல்வலியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர், கன்னத்தைப் பிடித்தபடி, திரையில் ஓடும் வரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஆச்சா?"

"எழுபது சதவீதம். நானூறு எச்சரிக்கை வந்திருக்கு. பரவாயில்ல, எச்சரிக்கைதானே, பிழை இல்லையே."

"நான் சொல்றதையும் அந்தக் கணக்குலதான் வெச்சிருக்கீங்களா?"

எண்பதில் பிழையே வந்து நின்றது. ஒரு அரைப்புள்ளியைக் காணோமாம். அத்தான் மறுபடி தொடங்கினார். அக்கா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து வீட்டுக்காரரும் கூடவே எழுந்தார். வேறு மருத்துவரைப் பார்க்க.

ஆறு மணிக்கு எடிட்டர் எழுந்தது. அத்தான் எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளைத் திரை. மூலையில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன வேகம் பாத்தீங்களா? சொல்லும்மா, என்ன எழுதணும்?"

"கையால எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

அத்தான் 'சோதனை' என்று தட்டினார். அழித்தார். மீண்டும் 'சோதனை' என்று தட்டினார்.

நீங்கள் இப்படியெல்லாம் கிடையாது என்கிறீர்கள். ரொம்ப நல்லது. நேற்று ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து, எழுத்துருவை மட்டும் பதினொரு முறை மாற்றிவிட்டு, "முக்கால்வாசி முடிஞ்சாச்சு" என்று வீட்டில் சொன்னீர்களே, அது யார்?