தடித்த எச்சரிக்கை

“எச்சரிக்கை வரி மட்டும் ஏன் தடிச்சிருக்கு?” என்று கேட்டார் முதலாளி ஷேக் அலாவுதீன்.

நவமணி தாளை வாங்கிப் பார்த்தாள். பாலத்துக்கு அப்பால் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை தயாரிக்கும் நீராவிக் கொதிகலனுக்கான ஆங்கிலக் கையேடு அது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் எச்சரிக்கை இருக்கும். அழுத்தம் இறங்காமல் வால்வைத் திறக்காதே, கையுறை இல்லாமல் தொடாதே, இப்படி. மேலே இருந்த எழுத்தும் கீழே இருந்த எழுத்தும் அவள் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன.

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது அலுவலகம். தொழிற்சாலைகளுக்குக் கையேடு தயாரித்துக் கொடுப்பதுதான் தொழில். கொதிகலன் துறைமுகத்துக்குப் போய்விட்டது. கையேட்டை உள்ளே வைக்காமல் பெட்டியைப் பூட்ட மாட்டார்கள். பூட்டாத பெட்டியைக் கப்பல் ஏற்றாது. கப்பல் அன்று மாலை கிளம்புகிறது. நவமணிக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

“ஒரே மாதிரிதான் இருக்கு பாஸ்,” என்றாள் மெதுவாக.

அவர் தாளைப் பக்கத்து மேசையில் படம் வரையும் சுகுமாரனிடம் நீட்டினார். சுகுமாரன் தாளைப் பார்த்தான், முதலாளியின் முகத்தைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான்.

“தடிச்சுத்தான் இருக்கு பாஸ். கொஞ்சம் சாஞ்ச மாதிரியும் இருக்கு.”

சாய்வைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கவில்லை. ஆனால் அவன் சொன்னதும் முதலாளிக்கு அதுவும் தெரிய ஆரம்பித்துவிட்டது.

நவமணி மென்பொருளில் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். அதே எழுத்துரு, அதே அளவு என்றது. அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் அந்த வரியில் ஏதாவது கையால் மாற்றி வைத்திருப்பார், அது வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தாள். அப்படிச் செய்த மாற்றங்களை ஒட்டுமொத்தமாக நீக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திச் சேமித்தாள்.

எச்சரிக்கை வரி அசையவில்லை. அதன் முன்னால் இருந்த அபாய முக்கோணம்தான் காணாமல் போனது. முக்கோணம் வேறொரு குறியீட்டு எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு கழன்றதும், இருந்த இடத்தில் ஆங்கில எழுத்து ‘ஒய்’ வந்து நின்றது. கையுறை போடு என்றால் ‘ஒய்’, வால்வைத் திறக்காதே என்றால் ‘ஒய்’ என்று புத்தகம் முழுக்கக் கொதிகலன் எதிர்க்கேள்வி கேட்டது.

‘ஒய்’ வரும் இடமெல்லாம் முக்கோணம் போடு என்று கட்டளையிட்டாள். மென்பொருள் ஓரிடத்தையும் விடவில்லை. ‘சேஃப்டி’ என்ற சொல்லின் வாலில்கூட ஒரு முக்கோணம் முளைத்தது. சேமித்துவிட்டதால் பின்னால் போகவும் வழியில்லை. பழைய பிரதியை எடுத்து, காலையிலிருந்து செய்த திருத்தங்களையெல்லாம் மறுபடி தட்டி முடிப்பதற்குள் கை மரத்துப்போனது. மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

தொழிற்சாலையிலிருந்து போன் மேல் போன். வேன் ஓட்டும் குணாளன் படியில் நின்று, பாலத்தில் ஜாம் ஆரம்பித்துவிட்டது என்று இரண்டாம் முறையாகச் சொன்னான்.

புதிய தாளை முதலாளி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கையில் வாங்கினார்.

“அப்படியேதான் இருக்கு லா.”

அவள் அளவுகோலை எடுத்து மேல் வரியிலும் வைத்தாள், கீழ் வரியிலும் வைத்தாள். இரண்டும் சமம். அதை அவரிடம் காட்டினாள். அந்த அளவுகோல் எங்கே வாங்கியது என்று கேட்டார் அவர்.

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. எச்சரிக்கை எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து அச்சடித்தாள். பரவாயில்லை, இன்னும் குறை என்றார் முதலாளி. குறைத்தாள். இன்னும் ஒரு சுற்று என்றார். அதையும் குறைத்தாள். தாளின் அடியில் எறும்பு வரிசை போவது போலிருந்தது.

ஷேக் அலாவுதீன் முகத்தில் அன்று முதல்முறையாக வெளிச்சம் வந்தது. “இதுதான் நான் கேட்டது. இப்பதான் எல்லாம் ஒண்ணா இருக்கு.”

“ரொம்பச் சின்னதா இருக்கு பாஸ். யாராவது இதைப் படிக்காம வால்வைத் திறந்துட்டா...”

“எனக்கே நல்லாத் தெரியுது. உன் வயசுக்குத் தெரியாதா?”

சுகுமாரன் எட்டிப் பார்த்து, இப்போது சாய்வும் போய்விட்டது என்றான்.

அச்சடித்துக் கட்டிய கையேடுகளைக் குணாளன் அள்ளிக்கொண்டு ஓடினான். வேன் தெருமுனை திரும்பும்வரை நவமணி சன்னலில் நின்றாள். எந்த ஊரிலோ, எவனோ ஒருவன், அந்தக் கொதிகலன் முன் குனிந்து கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பது போல் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து முதலாளி கூப்பிட்டார். இவ்வளவு பொறுமையான பெண்ணை அவர் பார்த்ததில்லையாம். அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம் என்றார். அவள் நன்றி சொன்னாள். நிம்மதி மட்டும் வரவில்லை.

அப்போது படியேறி வந்தாள் இமான், கீழ்த்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். கையில் ஒரு சிறிய கண்ணாடிக் கூடு.

“சாரி அங்கிள், நேத்து ஆள் மாத்திக் கொடுத்துட்டோம். நீங்க போட்டிருக்கிறது வேற ஒருத்தரோட கண்ணாடி. அதுல கீழ்ப்பாதி வழியா பார்த்தா எல்லாமே பெருசாத் தெரியும்.”