மீன் புத்தகம் மூன்றாவது சாக்கில்

சேசு மரி சூசை

வலங்கைமான்,
12.3.2001

அன்பு மகன் ரெஜினுக்கு அப்பா ரெமிஜியஸ் ஆசியுடன் எழுதுவது. இங்கு நான் சுகம், அம்மா சுகம், அம்மாவின் முட்டிவலி எங்கள் இருவரையும்விடச் சுகம். உனக்காகவும் உன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூருக்கே வந்துவிடச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறாய். வருகிறேன். இந்த நூலகத்தில் இனி மனிதன் வேலை பார்க்க முடியாது. போன மாதம் மேலிடத்து உத்தரவு வந்தது. பூச்சி அரித்த பழைய புத்தகம் நானூறையும் ஊழியர் அனைவரும் சேர்ந்து ஒரு மாதத்தில் சீராக்க வேண்டும், இல்லையென்றால் கழித்து எடைக்குப் போட்டுவிடுவார்களாம். அந்தப் பட்டியலில் உன் மீன் புத்தகமும் இருந்தது. ஏழு வயதில் எல்லா மீனுக்கும் ஊதா மையால் மீசை வைத்தாயே, அதுதான். அதை எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. ஊழியர் அனைவரும் என்றால் நான், உதவியாளர் பஞ்சநதம், பெருக்குகிற அம்சம். இருபது வருடமாகத் துடைப்பத்தைத் தவிர எதையும் நான் தொட விடாத அம்சத்திடம் உத்தரவைப் படித்துக் காட்டினேன், அதுதான் நான் செய்த தப்பு.

"புஸ்தகமும் வெத நெல்லும் ஒண்ணுதான் சார், ஈரம் ஏறுனா பூச்சி. நீங்க ஒதுங்கி உக்காருங்க" என்றாள். மறுநாள் காலை நான் தபால் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் தாளடி நெல்லுக்குப் பக்கத்திலேயே தார் ரோட்டில் நானூறும் விரிந்து கிடக்கின்றன, மினி பஸ்காரர் நெல்லின் மேல் ஏற்றிவிட்டுப் புத்தகத்துக்கு ஒதுங்கிப் போகிறார், பஞ்சநதம் நெல்லைக் காலால் துழாவுகிற பழக்கத்தில் காலைத் தூக்கிவிட்டு, புத்தகம் என்று நினைவு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். வெயில் கூடினால் தாள் பழுத்துவிடும் என்று பயிற்சியில் படித்ததைச் சொன்னேன். "இளவெயில் போதும்னு எனக்குத் தெரியாதா சார்" என்று ஒன்பது மணிக்கே அள்ளி, நொச்சியும் வசம்பும் போட்டு எட்டுச் சாக்கில் அடைத்து, சாக்கு வாயை என்னையே கட்டச் சொன்னாள். அன்றிலிருந்து வாசகர் யார் கேட்டாலும், "ஆடிக்கு வாங்க" என்கிறாள்.

நேற்று ஆய்வுக்கு வந்த அதிகாரி பூதலூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. சாக்கைப் பிரிக்கச் சொன்னார். "வெதப்புக்கு முன்னாடி பிரிச்சா பூச்சி உள்ள பூந்துரும் சார்" என்று அம்சம் குறுக்கே நின்றாள். அவர் சாக்கை மோந்து பார்த்தார். "எங்க அம்மா கட்டி வைக்கிற சாக்குலயும் இந்த வாசனதாங்க வரும்" என்றவர், கழிக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். முப்பது வருட நூலகரான என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே விருப்ப ஓய்வுக்கு எழுதிவிடுகிறேன். ஜூனில் வருகிறோம், ஓர் அறை ஒதுக்கி வை.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
ரெமிஜியஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்சம் வந்து நின்றாள். "கட்டுன கையாலதான் சார் பிரிக்கணும். எட்டும் நீங்க கட்டுனது" என்கிறாள். ஆகவே அறை இப்போதைக்கு வேண்டாம். பிரித்து அடுக்கினால் அடுத்த மாசியில் மறுபடி காயப்போட வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். நீ ஆடியில் லீவு போட்டு வா. மீன் புத்தகம் மூன்றாவது சாக்கில் இருக்கிறது. கட்டுவதற்கு முன் பார்த்தேன், ஒரு மீசைகூட அழியவில்லை.