கண்தானே வானத்துல?

ஹாலுக்குத் தன் கையாலேயே பெயிண்ட் அடிக்கப் போவதாகக் கண்ணாடிக்காரர் சபதம் போட்டது மச்சினர் எதிரில். அதுதான் வினை. மனுஷன் தனியாக இருக்கும்போது ஆயிரம் சபதம் போடலாம். சுவருக்குக் காது உண்டே தவிர வாய் கிடையாது. மச்சினருக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு, போதாக்குறைக்குத் தங்கச்சியும் உண்டு.

“ஆள் வச்சு அடிச்சிடுங்க மாப்பிள்ளை,” என்றுதான் மச்சினர் நல்ல மனசோடு சொன்னார்.

“ஆளா? என் வீட்டுச் சுவத்துல இன்னொருத்தன் கை படறதா? குளிர் ஆரம்பத்துல மறுபடி வருவீங்கல்ல, அப்ப வந்து பாருங்க. சுவத்துல முகம் பார்த்துத் தலை சீவலாம்!”

வாய் சொல்லிவிட்டது. கையைக் கேட்டுச் சொல்லவில்லை. மச்சினர் மறந்துவிட்டார். கண்ணாடிக்காரரும் மறந்துவிட்டார். வீட்டம்மாவுக்கு மட்டும் மறதி என்கிற வியாதியே கிடையாது.

மனிதர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மதியத்துக்கு மேல்தான் திறப்பார். ‘காலையில யாருக்கும் கண்ணு மங்காது’ என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். ஆக, காலைப் பொழுது முழுக்க வீட்டில்தான். வீட்டம்மா ஒரு நாள் விடாமல் ஹாலைப் பார்ப்பாள், பிறகு அவரைப் பார்ப்பாள். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் அவர் செய்தித்தாளைத் தூக்கிப் பிடிப்பார்.

“ஏங்க, அண்ணன் வர்ற நாள் நெருங்குது.”

“ஈரக் காத்து அடிக்குதே. பெயிண்ட் காயாது.”

மறுநாள் வெயில் கொளுத்தியது.

“ஏங்க, ஈரம் போயிடுச்சு.”

“இவ்வளவு வெயில்ல அடிச்சா வெடிச்சிடும்.”

அதற்கும் மறுநாள் இடுப்புப் பிடிப்பு. அதன் பிறகு கழுத்துச் சுளுக்கு. உடம்பில் இருந்த பாகங்களெல்லாம் வரிசையாகத் தீர்ந்துகொண்டே வந்து, காது மடல் மட்டும்தான் பாக்கி என்ற கட்டத்தில்தான் பருந்து வாத்தியார் கடைக்குள் நுழைந்தார்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் நடத்துகிறார். பூசணம் பிடித்த பைனாகுலரைத் துடைத்துத் தரச் சொல்லி நீட்டினார்.

“குளிர் நாட்டுல இருக்கிற பருந்தெல்லாம் இந்தப் பருவத்துல வெயில் தேடிக் கிளம்பிடும் சார். நம்ம ஊருக்கு மேலதான் வழி. வெயில் ஏறினதும் சூடான காத்து மேல போகும் பாருங்க, அதுல ஏறிச் சுத்திச் சுத்தி உயரப் போகும். இறக்கையைக்கூட அசைக்காது. நாங்க வருஷா வருஷம் எண்ணுறோம். ஆனா ஆள்தான் போதலை.”

“எண்ணுறவங்க என்ன செய்யணும்?”

“ஒண்ணுமில்லை சார். காலையில ஒரு மொட்டை மாடியில உட்கார்ந்துக்கிட்டு...”

கண்ணாடிக்காரர் துடைப்பதை நிறுத்தினார். “உட்கார்ந்துக்கிட்டா?”

“ஆமா, சாய்வு நாற்காலி இருந்தா நல்லது.”

“சாஞ்சுக்கிட்டா!”

“வானத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். கண்ணை எடுக்கவே கூடாது. அது ஒண்ணுதான் விதி.”

கண்ணாடிக்காரருக்குத் தன்னைப் போன்ற ஒருவனுக்காகவே இந்தப் பருந்துகள் கடல் தாண்டி, மலை தாண்டி வருகின்றன என்று தோன்றியது. பைனாகுலரைக் கூலி வாங்காமல் துடைத்துக் கொடுத்தார். வாத்தியார் அதை அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டார். கூடவே ஒரு சின்ன இரும்புப் பொத்தான் கருவியும் கொடுத்தார். ஒரு தரம் அமுக்கினால் ‘டிக்’ என்று ஒன்று கூடும். ஒரு பருந்துக்கு ஒரு ‘டிக்’.

வீட்டில் அதை அவர் அறிவித்த தோரணையைப் பார்த்தால் படைக்குத் தலைமை ஏற்கப் போகிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“குளிர் வர்ற வரைக்கும் தினம் காலையில மாடியிலதான் இருப்பேன். இது விஞ்ஞானம். நடுவுல கூப்பிடக் கூடாது. கண்ணை வானத்தை விட்டு எடுக்கக் கூடாதுன்னு விதி.”

சண்டைக்குத் தயாராக நாலு பதில் வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை.

“கண்ணைத்தானே எடுக்கக் கூடாது?” என்றாள் வீட்டம்மா.

“ஆமா.”

“நல்ல காரியங்க. போயிட்டு வாங்க.”

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கடைக்குப் போய்ப் பை நிறைய எதையோ வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். என்ன என்று அவர் கேட்கவில்லை. ஜெயித்தவன் எங்கே கேள்வி கேட்கிறான்?

முதல் நாள் சொர்க்கம். தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலியைப் போட்டார். கடையிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அதைப் படைத்தவனுக்கே தெரியாது. அருமையான தூக்கம். எழுந்து, மனசாட்சிக்காக இரண்டு ‘டிக்’ அமுக்கினார்.

இரண்டாம் நாள் வீட்டம்மா மாடிக்கு வந்தாள். மடியில் ஒரு முறம் பூண்டு வந்து இறங்கியது.

“என்னம்மா இது? நான் வேலையில இருக்கேன்.”

“கண்தானே வானத்துல? கை சும்மாதானே இருக்கு. உரிச்சுக்கிட்டே பாருங்க. கீழ மட்டும் பார்த்துடாதீங்க, விதி.”

பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் பாதிப் படி இறங்கிவிட்டாள். அன்று பூண்டு. மறுநாள் பட்டாணி. அதற்கு அடுத்து கம்பளி நூல், உருண்டையாகச் சுற்றணும். பிறகு ஒரு தட்டு மாவு, பிசையணும். வானத்தைப் பார்த்தபடி மாவு பிசைகிற ஒரே மனுஷன் இந்தப் பூமியில் தான் ஒருவன்தான் என்று அவருக்கே தோன்றியது. ஆரம்பத்தில் பாதி மாவு தரையில் விழுந்தது. போகப் போகப் பார்க்காமலே வந்துவிட்டது. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

பிறகு மாமனாரும் மேலே ஏறி வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் ஓட்டிய... இல்லை, டிரைவர் ஓட்ட, தான் விசில் ஊதிய காலத்துக் கதைகளைக் கேட்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்.

“அப்பா இங்கேயே உட்காரட்டுங்க. காது சும்மாதானே இருக்கு.”

“ஒரு தரம் பாருங்க மாப்பிள்ளை, பஸ் நடுக்காட்டுல நின்னுபோச்சு...”

அந்த பஸ் தினமும் நடுக்காட்டில் நின்றது. தினமும் அவர்தான் இறங்கித் தள்ளினார். கேட்டுக் கேட்டுக் கண்ணாடிக்காரருக்கே தோள் வலித்தது.

கடைசியாக வந்தது தள்ளுவண்டி. அதில் பேத்தி. மகள் வேலைக்குப் போகும் முன் விட்டுவிட்டுப் போகிற சின்ன ராணி. வண்டி ஆடினால் தூங்குவாள். நின்றால் ஊரையே எழுப்புவாள்.

“கால் ரெண்டும் சும்மாதானே...”

“போதும்மா! எதால எண்ணுவேன் நான்? கை மாவுல, கால் வண்டியில. பொத்தானை எதால அமுக்குறது? மூக்காலயா?”

வீட்டம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். குனிந்து, அவருடைய வலது காலை வண்டிச் சட்டத்தின் மேல் வைத்தாள். பொத்தான் கருவியை அந்தக் கால் கட்டை விரலுக்கு அடியில் வைத்து, சட்டத்தோடு ஒரு துணியால் கட்டினாள்.

“விரலால அமுக்கிக்குங்க. ஒண்ணும் கஷ்டமில்லை.”

அவள் இறங்கிப் போனாள். மாவு பிசைந்தாகிவிட்டது. நடுக்காட்டில் பஸ் நின்றாகிவிட்டது. இதமான காற்று. கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்காரர் தூங்கிப்போனார். கால் மட்டும் பழக்கத்தில் வண்டியை ஆட்டிக்கொண்டே இருந்தது.

எழுந்து கருவியைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு கட்டமும் நிறையப் போகிற மாதிரி ஒரு பெரிய எண். இத்தனை நாளும் சேர்த்தே ஒரு கை விரலுக்குள்தான் அடங்கியிருந்தது. இது எப்படி?

யோசித்தார். நியாயமான மனுஷனாக இருந்தால் நாலு விதமாக யோசித்திருப்பார். அவருக்கு ஒரே ஒரு விதமாகத்தான் தோன்றியது: ‘தொழில் கைவந்துடுச்சு. தூக்கத்துலகூட எண்ணுறேன்! கண்ணு மூடினாலும் உள்ளே ஏதோ பார்க்குது!’

போனை எடுத்து வாத்தியாருக்கு எண்ணைச் சொன்னார்.

“சார்... ஒரே நாள்லயா?”

“ஒரே காலையில.”

“சங்கம் ஆரம்பிச்சதுல இருந்து யாரும் இவ்வளவு பார்த்ததில்லை சார்! நாளைக்கே வர்றேன்!”

அன்று இரவு சாப்பிடும்போது வீட்டம்மாவை ஒரு பார்வை பார்த்தார். “நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க. மாடியில பூண்டு, பட்டாணி எதுவும் இருக்கக் கூடாது. மதிப்புக் குறைச்சல்.”

“சரிங்க. பாப்பா மட்டும் இருப்பா. அவ என்ன மதிப்பைக் குறைக்கப் போறா?”

மறுநாள் வாத்தியாரோடு சங்கத்துக்காரர்கள் மாடி நிறைய வந்து நின்றார்கள். எல்லார் கழுத்திலும் பைனாகுலர். கண்ணாடிக்காரர் தொட்டி நிழலில் போட்ட நாற்காலியில் கம்பீரமாகச் சாய்ந்துகொண்டார். வாத்தியார் நாற்காலியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். திரும்ப நாற்காலியைப் பார்த்தார்.

“சார், நேத்தும் இந்தப் பக்கம் பார்த்துதான் உட்கார்ந்திருந்தீங்களா?”

“தினமும் இப்படித்தான். ஏன்?”

“இங்கேருந்து தொட்டிதானே தெரியுது? பருந்து வர்றது உங்க முதுகுப் பக்கம்.”

எல்லாரும் திரும்பினார்கள். கண்ணாடிக்காரரும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

அடேயப்பா! வெயில் ஏறிய வானத்தில் ஒரு பெரிய சுழல். ஒன்றன் மேல் ஒன்றாகப் பருந்துகள். ஒன்றுகூட இறக்கை அசைக்கவில்லை. கொதிக்கிற பாலில் ஆடை சுற்றுவது போலச் சுற்றி, உயர உயர ஏறி, உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக நூல் பிடித்த மாதிரி தெற்கே வழுக்கிக்கொண்டு போயின. கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார். எத்தனையோ பேருக்குக் கண் சரிபண்ணிக் கொடுத்த மனுஷன். இத்தனை நாளும் தன் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய ஊர்வலம் போயிருக்கிறது. பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். இனிமேல் ஒழுங்காக எண்ணணும், நிஜமாகவே எண்ணணும் என்று அந்த நிமிஷம் ஆசை வந்தது.

“அப்ப நேத்து அந்த எண் எப்படி சார் வந்தது?” என்றார் வாத்தியார், மெதுவாக.

அதற்குள் பேத்தி சிணுங்கினாள். வீட்டம்மா வண்டியருகே போனாள். கருவி இன்னும் சட்டத்தில் கட்டினபடியே இருந்தது. தன் காலை அதன் மேல் வைத்து வண்டியை ஆட்டினாள்.

டிக். டிக். டிக். டிக்.

பேத்தி சிரித்தாள். சங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

“அந்தக் காலுக்கு அடியில நீதானே கட்டின?” என்று பல்லைக் கடித்துக் கேட்டார்.

“பின்ன? அந்தக் கால்தானேங்க வேலை செஞ்சுது. மிச்சம் எல்லாம் தூங்கிட்டிருந்துச்சு.”

அந்த நேரம் பார்த்து, வழக்கம் போல மாடிக்கு வந்திருந்த மாமனார் வானத்தை நோக்கிக் கை நீட்டினார். “உள்ள ஒரு அறுபது இருக்கும். மேல தொத்திக்கிட்டுப் போறது ஒரு பன்னெண்டு. அதோ ஒண்ணு, டிக்கெட் இல்லாம பின்னால ஓடி வருது.”

வாத்தியார் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தார். உதட்டை அசைத்து எண்ணினார். பிறகு, கண்ணாடிக்காரரின் கழுத்திலிருந்த பைனாகுலரை மரியாதையாகக் கழற்றினார். “உங்க கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுத்துட்டோம் சார்,” என்று சொல்லி, அதை மாமனார் கழுத்தில் மாட்டினார். சாய்வு நாற்காலியையும் திருப்பிப் போட்டு, அவரையே உட்கார வைத்தார்.

கண்ணாடிக்காரர் படியிறங்கினார். ஹாலில் நாற்காலி, மேசையெல்லாம் பழைய போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. நடுவில் ஏணி. ஏணிக்கடியில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தப் பை. பெயிண்ட், பிரஷ், உப்புத்தாள். எல்லாம் இருந்தன.

“இதெல்லாம் எப்ப வாங்கின?”

“நீங்க பருந்து எண்ணப் போறேன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு சாயங்காலம்.”

“அப்பவே வாங்கிட்டு, ஏன் ஒரு வார்த்தை பேசாம மாடிக்கு அனுப்பின?”

“பழகட்டும்னுதாங்க.”

“என்ன பழகட்டும்னு?”

அவர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்தே அடிக்கத் தோதாக சுவரின் கீழ்ப் பகுதியாகப் பார்த்து நகர்ந்தார். வீட்டம்மா அவர் தாடையில் ஒரு விரலை வைத்து, முகத்தை மெதுவாக மேலே தூக்கினாள்.

“சுவரு அப்புறம். மேல பார்த்துக்கிட்டே கை வேலை செய்ய இப்ப உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. முதல்ல சீலிங்கை முடிச்சிடுங்க.”