பெண்கள் பக்கத்து பிளக் பாயிண்ட்

இனி இந்த வாழ்நாளில் மாவாட்டுவதில்லை என்று எண்பத்து மூன்றாம் வருஷம் செப்டம்பர் மாதம் ஒரு தீர்மானம் எடுத்தேன். அதை மனைவியிடம் நேராகச் சொல்லும் தைரியம் இருந்திருந்தால் ஒரு எலெக்ட்ரிக் கிதார் வாங்கவேண்டிய அவசியமே வந்திருக்காது.

என் பெயர் தாவீது. சங்கரன்கோவில் வடக்கு ரத வீதியில் பாத்திரக்கடை. கடையில் நான்தான் முதலாளி. வீட்டில் எனக்கு என்ன பதவி என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. என் மனைவி ஜெபக்கனிக்குச் சொந்த ஊர் ராயகிரி. எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். அளவெடுப்பதில் கெட்டிக்காரி. கல்யாணமான முதல் வாரத்திலேயே என்னை அளவெடுத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு மறு வருஷம் அவளுக்கு வலது கை விரலில் நகச்சுத்து வந்தது. “ரெண்டு நாளைக்கு நீங்க மாவாட்டுங்க” என்றாள். நகச்சுத்து போய்விட்டது. ஆட்டுரல் என்னிடமே தங்கிவிட்டது. சனிக்கிழமைதோறும் நான் குழவியைச் சுற்றுவேன். அவள் எதிரே உட்கார்ந்து, மாவை உள்ளே தள்ளிவிடுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. ஆனால் எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஜெபக்கனியின் கைப்பக்குவம் என்பார்கள். என் கையைப் பற்றி ஒருத்தரும் பேசியதில்லை.

அந்த செப்டம்பரில் பாளையங்கோட்டையில் நடந்த கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். வழக்கமான கீர்த்தனை, ஆர்மோனியம் எல்லாம் முடிந்த பிறகு வாலிபர்கள் சிலர் மேடையேறி, கைதட்டிப் பாடும் சின்னப் பாட்டான கோரஸ் பாட ஆரம்பித்தார்கள். அதில் கழுத்தில் எலெக்ட்ரிக் கிதாரை மாட்டியிருந்தவன் என் சித்தி மகன் ஜெயசிங். ஒரு இழுப்பு இழுத்தான். பந்தலே நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்தப் பயல் கையில் எவளும் குழவியைக் கொடுக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

உள்ளதைச் சொன்னால் ஆசையும் இருந்தது. பைபிளில் சுரமண்டலம் வாசித்த தாவீதின் பேரை வைத்துக்கொண்டு ஒரு நரம்பு வாத்தியத்தைக்கூடத் தொடாமல் நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எங்கள் சபைக்கு முன்னால் நின்று கிதார் வாசிக்கவேண்டும். சனிக்கிழமை மாவாட்டக்கூடாது. இந்த இரண்டு பாக்கியத்தையும் ஒரே வாத்தியம் தருமென்றால் எந்தப் புருஷன் வேண்டாமென்பான்?

ஜெயசிங்கிடம் விலைக்கு வாங்கிய பழைய கிதார் பஸ்ஸில் வந்து இறங்கியது. ரேடியோ மெக்கானிக் ரசூல் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தார். “அண்ணாச்சி, வயரை நீளமா வைக்கல. நீளமாச்சுன்னா உறுமும்” என்றார். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அன்று சாயந்திரம் ஜெபக்கனியிடம் பேச்சை எடுத்தேன்.

“ஏட்டி, இது இனிமே ஆண்டவருக்கு வாசிக்கப்போற கை.”

“சரி.”

“இந்தக் கையால குழவியப் பிடிக்கக்கூடாது. விரல் கெட்டிப்பட்டுப் போச்சுன்னா நரம்பு பேசாது. பஞ்சு மாதிரி இருக்கணும்.”

“யாரு சொன்னா?”

“வித்துவானுக சொல்லுதாங்க.”

“எந்த ஊரு வித்துவான்?”

“நெறைய ஊரு.”

கையிலிருந்த ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆண்டவர் காரியம். நான் குறுக்க நிப்பனா? மாவ நானே ஆட்டிக்கிடுதேன்.”

இத்தனை சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே நான் கிதாரைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். சந்தோஷத்தில் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

ஜெயசிங் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுத்தான். நானும் அவனும் கூடத்தில். ஜெபக்கனி மூலையில் தையல் மிஷினில்.

“மூணு கார்டு, அதான் இந்த விரல்பிடி, தெரிஞ்சா முக்காவாசி கோரஸ வாசிச்சிரலாம் அண்ணாச்சி. அழுத்துங்க.”

“அழுத்திக்கிட்டுத்தாம்ல இருக்கேன்.”

“சத்தம் வரலியே.”

“கம்பி கடிக்குல்லா.”

“கடிக்கத்தான் செய்யும். விரல் நுனி காய்ச்சுப்போயிருக்கணும். ஒங்க விரலு பஞ்சு மாதிரில்லா இருக்கு!”

மிஷின் நின்றது.

“பஞ்சு மாதிரி இருந்தாத்தான நல்லதுன்னு சொன்னாங்க?” என்றாள் ஜெபக்கனி.

“யாரு மதினி சொன்னா?”

“நெறைய ஊரு வித்துவானுக.”

எனக்கு இருமல் வந்தது. ஜெயசிங் என் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். “அண்ணாச்சி, ஒங்களுக்குக் காய்ப்பு இருக்கு. ஆனா தப்பான கையில இருக்கு” என்றான். மாவாட்டிய கை அது. கம்பியை அழுத்தவேண்டியது இடது கை. அப்புறம் அந்தப் பயல் சும்மா இருந்திருக்கலாம்.

“மதினி, ஒங்க எடது கையக் காட்டுங்க.”

காட்டினாள். வருஷக்கணக்காக ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டிக்கட்டி, துணிக்கு அடியிலிருந்து ஊசி குத்திக்குத்தி, விரல் நுனியெல்லாம் காய்த்துக் கிடந்தது.

“இதுல்லா விரலு!” என்றான் ஜெயசிங்.

“அது கெடக்கு. நீங்க அண்ணனுக்குச் சொல்லிக்குடுங்க” என்று கையை இழுத்துக்கொண்டாள். மிஷின் மறுபடியும் ஓடியது. ஊசியில் நூல் இல்லாமலே ஓடியது என்பதை நான் கவனித்தேன். அதற்கு அர்த்தம் என்ன என்பதைத்தான் கவனிக்கவில்லை.

குட்டு வெளிப்பட்டுவிட்டதே, திரும்பவும் ஆட்டுரலுக்குக் கூப்பிடுவாள் என்று பயந்தேன். கூப்பிடவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் தானே ஆட்டினாள். இட்லி முன்னைப்போலவே மெத்தென்று இருந்தது. அதுகூட எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பரில் ஒருநாள் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“அண்ணாச்சி, பகல்ல நீங்க வாசிக்கது கேக்க நல்லாருக்கு.”

“அப்படியா ஆவுடையம்மா!”

“சாயந்திரம் வாசிக்கதுதான்… நேத்து எங்க பசுமாட்டுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு தொழுவுக்கு ஓடுனேன்.”

பகலில் நான் கடையில் இருப்பவன். ஏதோ ரேடியோவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாராட்டு வருகிறபோது யாருடையது என்று விசாரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

டிசம்பர் பிறந்ததும் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் வேதக்கோயிலில் லைட் உண்டு, ஃபேன் உண்டு, பிளக் பாயிண்ட் கிடையாது. கமிட்டியில் போய்க் கேட்டேன். கமிட்டியில் மூத்தவர் தங்கசாமி அண்ணாச்சிக்குக் கிதார் என்றாலே சினிமா வாத்தியம். “அதுக்கெல்லாம் சபைப் பணத்த எடுக்க முடியாது வே” என்று முடித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜெபக்கனி எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். அவர்களிடம் பிடியரிசி உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, சேர்ந்ததும் விற்பார்கள். அந்தக் காசில் என்ன செய்தாலும் கமிட்டி வாயைத் திறக்காது. கமிட்டிக்காரர்கள் வீட்டு உலையும் அதே பெண்கள் கையில்தானே இருக்கிறது.

“ஏட்டி, ஒங்க சங்கத்துல சொல்லி கோயிலுக்கு ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக் குடேன்.”

“எதுக்குன்னு கேப்பாங்களே.”

“ஃபேனுக்குன்னு சொல்லு.”

“கோயில் காரியத்துல பொய் சொல்லச் சொல்லுதியளா?”

“சரி, கிதாருக்குன்னே சொல்லு.”

“யாரு வாசிக்கப்போறான்னு கேட்டா?”

“நம்ம வீட்டு ஆளுதான்னு சொல்லு.”

“அப்படியே சொல்லுதேன்” என்றாள். எந்த மறுப்பும் இல்லை.

ஒரே வாரத்தில் பிளக் பாயிண்ட் வந்துவிட்டது. மனைவியை வைத்து ஒரு காரியத்தைச் சாதித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. கடைக்கு வந்த திருவேங்கடம் ஊர்க்காரர் ஒருவருக்கு அந்தச் சந்தோஷத்தில் ஒரு டம்ளரைச் சும்மாவே கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் கோயிலில் ஒத்திகை. ரசூலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கிதாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆண்கள் பக்கத்தில் முதல் ஆளாகப் போய் நின்றேன். எங்கள் கோயிலில் வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். நடுவில் வழி. பிளக் எங்கே என்று பார்த்தேன். இடது பக்கச் சுவரில், பெண்கள் பாயை ஒட்டி, புத்தம் புதுசாக இருந்தது.

வயர் எட்டவில்லை.

“இன்னொரு வயரச் சேத்து குறுக்க இழுத்திருவோம்” என்றேன்.

“நடுவழியில வயர் வரக்கூடாது!” என்றார் தங்கசாமி அண்ணாச்சி. “போன வருஷம் வெளியில இருந்து இழுத்த டேப் ரெக்கார்டர் வயரு தடுக்கி விழுந்தது நீரா, நானா? முழங்காலக் காட்டட்டுமா?”

வேட்டியைத் தூக்கப் போனார். குருவானவர் அவசரமாகத் தடுத்தார்.

“அப்ப நான் அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிடுதேன் ஐயா.”

“பெண்கள் பக்கத்துலயா?” என்றார் குருவானவர்.

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு பரவியது. என் காதெல்லாம் சுட்டது.

“அப்ப பெண்கள்ல யாராவது வாசிச்சாத்தான் உண்டு” என்றார் அவர். அப்படி யார் இருக்கப்போகிறார்கள் என்கிற தொனியில்தான் சொன்னார்.

ஜெபக்கனி எழுந்து வந்தாள். “கிதாரத் தாங்க” என்றாள். நான் கீழே வைத்துக் கெடுத்துவிடக்கூடாதே என்று வாங்குகிறாள் என நினைத்துக் கழற்றிக் கொடுத்தேன். பெட்டியையும் அவளே தூக்கிக்கொண்டாள். பிளக்கைச் சொருகினாள். ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையைச் சொருகிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

நான் மூன்று மாதமாக மல்லுக்கட்டிய அதே கோரஸ். ஒரு கம்பிகூட முனகவில்லை. கால் தையல் மிஷினை மிதிக்கிற மாதிரியே தாளம் போட்டது. வாலிபர்கள் பாட ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லாரும் பாடினார்கள். தங்கசாமி அண்ணாச்சி சினிமா வாத்தியம் என்று சொல்ல வாயைத் திறந்து, எதிரே பிடியரிசிப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த தன் வீட்டம்மாவைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கோபம் வருகிறது.

“தாவீது, நீங்கதான் வீட்டுல சொல்லிக்குடுத்தியளா?” என்றார் குருவானவர்.

“ஆமா ஐயா” என்றேன். கிடைக்கிற மரியாதையை எதற்கு விடவேண்டும்?

“எல்லாத்துக்கும் அவியதான் ஐயா காரணம்” என்றாள் ஜெபக்கனி.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். “பிளக்க எந்தப் பக்கம் வைக்கன்னு எலெக்ட்ரீசியன் கேட்டிருப்பாம்லா?”

“கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

“பெண்கள் பிடியரிசியில போட்டது. பெண்கள் பக்கம்தான வைக்கணும்? அதுவும் நம்ம வீட்டு ஆளு வாசிக்கதுக்கு.”

வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்டுரல் பக்கத்தில் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

“என்னட்டி இது?”

“நாளைக்குப் பண்டிகைல்லா. ஆட்டுங்க.”

“நான் எதுக்கு ஆட்டணும்?”

“கிதார் வாசிக்க கையால குழவியப் பிடிக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?”

“விரல் கெட்டியா இருந்தாத்தான் நல்லதுன்னு ஜெயசிங் சொன்னாம்லா!”

“தம்பி சொன்னது ஒரு ஊரு. நீங்க சொன்னது நெறைய ஊரு வித்துவானுக சொன்னது.”

“சரி, தள்ளியாவது விடேன்.”

“விரல் நசுங்கிப்போச்சுன்னா? ஆண்டவர் காரியம்.”

வலது கையால் ஆட்டி, இடது கையால் நானே தள்ளினேன். மறுநாள் இட்லியைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஜெபக்கனியின் கைப்பக்குவம் என்றார்கள்.

அதோடு நிற்கவில்லை. புது வருஷ ஆராதனை வந்தது, அதற்கு ஒத்திகை வந்தது. பொங்கல் ஜாக்கெட்டெல்லாம் தேங்கிவிட்டது. “தையல நான் பாத்துக்கிடுதேன். ஹூக்க மட்டும் நீங்க கட்டுங்க” என்றாள். கட்டினேன். துணிக்கு அடியில் இருந்த இடது கை விரலையெல்லாம் ஊசி பதம் பார்த்தது.

ஜனவரியில் ஜெயசிங் வந்தான். நான் ஹூக் கட்டிக்கொண்டிருந்தேன். என் இடது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“அண்ணாச்சி! இப்பத்தான் ஒங்க விரலு கிதாருக்குப் பக்குவமா வந்திருக்கு!”

கிதாரைச் சுதி கூட்டிக்கொண்டிருந்த ஜெபக்கனி நிமிர்ந்து பார்த்தாள்.

“மெதுவாச் சொல்லுங்க தம்பி. இன்னும் ஒரு கட்டு ஜாக்கெட் பாக்கி இருக்கு.”